ஓட்டு வீட்டுக்கு மேல் சாய்ந்த வேப்பங்கிளையை இறக்க என்னென்ன வாங்க வேண்டும்?

சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாட்டி வீட்டுக் கொல்லையில் 40 அடி உயர வேப்ப மரம். அதில் பெரிய கிளை ஒன்று நாட்டு ஓட்டுக் கூரைக்கு மேலே வந்து நிற்கிறது. ஆடிக் காற்றுக்கு முன்னால் அதை இறக்க வேண்டும். மரம் வெட்டுகிறவர் சொன்ன கூலி அதிகமாகத் தெரிகிறது. "அந்தக் காசுக்கு ஒரு செயின் சா, 100 அடி நைலான் கயிறு, ஒரு கப்பி, ஒரு சேஃப்டி பெல்ட் வாங்கினால் நானும் என் தம்பியுமே இறக்கிவிட மாட்டோமா? அப்புறம் தென்னந்தோப்புக்கும் உதவுமே" என்பது அவர் கேள்வி.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமான் வாங்குங்கள், நல்லது. ஓட்டுக்கு மேலே நிற்கும் அந்த ஒரு கிளையை மட்டும் இந்தத் தடவை கைதேர்ந்த ஆளிடம் விடுங்கள். ஆனால் கயிறும் கப்பியும் நீங்கள் வாங்கியதாக இருக்கட்டும். கீழே கயிறு விடுகிற இடத்தில் நீங்கள் நில்லுங்கள். ஒரு நாளில் கற்றுக்கொள்வீர்கள்.

நான் 11 வருடம் ஆலைகளிலும் கட்டட சைட்டிலும் ரிக்கிங் வேலை, அதாவது கனமான சாமானைக் கயிறும் கப்பியும் வைத்துத் தூக்கி இறக்கும் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர் பக்கம் மரம் வெட்டி இறக்கும் வேலைதான். சாமான் வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் செயின் சாவை முதலில் எழுதுகிறார்கள், கயிற்றைக் கடைசியில் எழுதுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். வெட்டுவதற்கு நமக்கு என்றைக்கும் குறை இருந்ததில்லை. திருப்பாச்சேத்தி அரிவாள் ஒன்றும் நல்ல கை ரம்பம் ஒன்றும் இருந்தால் தொடை கனக் கிளைவரை எடுத்துவிடலாம். வெட்டு முடிந்த அந்த நொடியில் கிளை எங்கே போகும் என்பதை முடிவு செய்வது கயிறு. உங்கள் காசில் பெரும்பகுதி அங்கே போகட்டும்.

முதலில் கனத்தைக் கணக்குப் போடப் பழகுங்கள். பச்சை மரம் ஏறக்குறைய தண்ணீர் அளவுக்குக் கனக்கும் என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது. ஒரு அடி விட்டமும் ஒரு அடி நீளமும் உள்ள துண்டு சுமார் 22 கிலோ. அதே விட்டத்தில் 6 அடி நீளம் என்றால் 130 கிலோவுக்கு மேல், அதாவது இரண்டரை சிமெண்ட் மூட்டை. விட்டம் இரண்டு அடியானால் கனம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். ஒரு அடி நீளத் துண்டே 90 கிலோ நிற்கும். இதோடு கொப்பும் இலையும் சேர வேண்டும். வேப்பங்கிளையின் நுனிப் பக்கம் பார்வைக்குப் பஞ்சு மாதிரி இருக்கும். மழை பெய்த மறுநாள் அதைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

இது சும்மா தொங்கும்போது உள்ள கனம். விழுந்து நிற்கும்போது நடப்பது வேறு. 100 கிலோக் கட்டை ஒன்றைக் கப்பிக்கு மேலே வைத்து அறுக்கிறீர்கள். அது 2 மீட்டர் விழுந்து கயிற்றைப் பிடிக்கிறது, கயிறு அரை மீட்டர் இழுபட்டு நிறுத்துகிறது என்று வையுங்கள். அந்த இழுப்பின் உச்சத்தில் கயிற்றில் வருவது 1,000 கிலோ. கப்பியில் கயிறு மேலே போய்க் கீழே திரும்புவதால் இரண்டு பக்க இழுப்பும் கப்பியின் மேல்தான் விழும். ஆக, கப்பி கட்டியிருக்கும் கிளை தாங்க வேண்டியது 2,000 கிலோ. 100 கிலோக் கட்டைதானே என்று நினைத்துக் கட்டியவர், கட்டின கிளையே முறிந்து வரும்போது திகைத்துப் போவார். கப்பியை வெட்டும் இடத்துக்கு மேலே, வலுவான தாய்மரத்தில் கட்டிக் கயிற்றை முன்கூட்டியே விறைப்பாக இழுத்து வைத்தால் விழுகிற தூரமே இருக்காது. அப்போது கயிற்றில் 100, கப்பியில் 200. அதே கட்டை, அதே கயிறு, கட்டும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. மரத்தில் வேலை பார்ப்பவரிடம் நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இது. அவர் கப்பியை எங்கே கட்டுகிறார் என்று பாருங்கள். வெட்டுக்குக் கீழே கட்டினால், ஏன் என்று கேளுங்கள்.

சரி, கயிறு. நம் பக்கத்துக் கடைகளில் "நைலான் கயிறு" என்று கேட்டால் பத்துக்கு எட்டுத் தடவை கையில் வருவது நைலான் கிடையாது. பச்சை, நீலம், மஞ்சள் நிறத்தில் பளபளவென்று இருக்கும் பாலிப்ரொப்பிலீன், நாம் பிளாஸ்டிக் கயிறு என்போமே அது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, ஊரே அதை நைலான் என்றுதான் அழைக்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு விரல் நீளம் வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுப் போக விரலால் அமுக்கிவிடுங்கள். மிதந்தால் பிளாஸ்டிக். மூழ்கினால் நைலான் அல்லது பாலியஸ்டர். பிளாஸ்டிக் கயிறு மாடு கட்ட, பந்தல் போட, கிணற்றில் வாளி விட நல்ல கயிறுதான். மரக் கட்டையை ஓடவிட்டு இறக்கும் வேலைக்கு ஆகாது. அது சுமார் 165 டிகிரிச் சூட்டிலேயே உருகிவிடும். நைலானும் பாலியஸ்டரும் 220 டிகிரிக்கு மேல்தான் உருகும். போதாததற்கு நம் வெயிலில் ஒரு கோடை கிடந்தாலே பிளாஸ்டிக் கயிறு நார் நாராகப் பொடிய ஆரம்பிக்கும்.

அந்தச் சூடு எப்படி வரும் என்று கேட்பீர்கள். மர வேலைக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் புளிய மரத்தில் வேலை. கப்பி கொண்டுபோகவில்லை. கயிற்றை நேராகக் கவையில் போட்டு இறக்கினோம். மூன்று கிளை நன்றாக வந்தது. நான்காவது கொஞ்சம் பெரிது. கீழே இருந்த பையன் கயிற்றை வேகமாக விட்டான். பாதி வழியில் கையில் இருந்த இழுப்பு திடீரென்று காணாமல் போனது. கட்டை காம்பவுண்டுச் சுவரில் விழுந்து நான்கடி சுவர் போயிற்று. யாருக்கும் அடி இல்லை. கீழே கிடந்த கயிற்று நுனியை எடுத்துப் பார்த்தேன். அறுந்த நுனி என்றால் நார் பிரிந்து துடைப்பம் மாதிரி இருக்க வேண்டும். இது நுனி கறுத்து, கண்ணாடி மணி மாதிரி இறுகிப் போயிருந்தது, தொட்டால் சுட்டது. புளியம்பட்டையின் சொரசொரப்பில் ஓடி ஓடிக் கயிறு உருகியிருக்கிறது. அந்த நுனியை ஒரு ஜாண் நீளத்துக்கு வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

ஆக, கட்டையை இறக்கும் மரக் கயிறாக வாங்க வேண்டியது பாலியஸ்டர் பின்னல் கயிறு, அல்லது மூன்று புரி பாலியஸ்டர். 14 அல்லது 16 மி.மீ. கனம் உங்கள் வேலைக்குப் போதும், கையில் பிடிக்கவும் வசதி. உண்மையான நைலான் பாலியஸ்டரைவிட வலுவானதுதான். ஆனால் அதிகமாக இழுபடும், நனைந்தால் 10 சதவீதத்துக்கு மேல் பலம் குறையும். ஓட்டுக்கு ஒரு முழம் மேலே கிளையை நிறுத்த வேண்டிய இடத்தில் கயிறு ரப்பராக நீண்டால் ஓடு போய்விடும். தூக்கும் வேலைக்குப் பாலியஸ்டர், அதிர்ச்சி தாங்கும் வேலைக்கு நைலான் என்று நினைவில் வையுங்கள்.

கடையில் "3 டன் தாங்கும்" என்பார்கள். அது புதுக் கயிறு, முடிச்சில்லாமல், நேர் இழுப்பில் அறுந்துபோகும் அளவு. தரமான 12 மி.மீ. நைலான் அந்த அளவில் அறும், அதே கனப் பிளாஸ்டிக் 2 டன் வாக்கில் அறும். முடிச்சுப் போட்ட இடத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில முடிச்சில் பாதி பலம் போய்விடும். அதனால் ரிக்கிங் வேலையில் அறுபடும் அளவைப் பத்தால் வகுத்து அதற்குள் நிற்பது வழக்கம். 3 டன் கயிறு என்றால் 300 கிலோ. மேலே சொன்ன 1,000 கிலோ உச்சத்தை இதோடு சேர்த்துப் பார்த்தால், வீட்டில் கிடக்கும் கயிற்றை வைத்து ஏன் செய்ய வேண்டாம் என்கிறேன் என்பது புரியும்.

இப்போது நான் இந்தப் பதிலில் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மனுசக் கயிறு வேறு, மரக் கயிறு வேறு. ஆளைத் தாங்கும் கயிற்றைத் தனி நிறத்தில் வாங்கித் தனிப் பையில் போட்டு, தனி ஆணியில் மாட்டுங்கள். அதில் கட்டை இறக்கக் கூடாது, டிராக்டர் இழுக்கக் கூடாது, மாடுகூடக் கட்டக் கூடாது. ஒருமுறை பெரிய அதிர்ச்சி வாங்கிய கயிறு வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே நார் போயிருக்கும். மனுசக் கயிறாக உள்நூலும் மேலுறையும் தனித்தனியாக உள்ள 11 முதல் 13 மி.மீ. கயிறு வாங்குங்கள். ஐரோப்பியத் தர எண்ணான இஎன் 1891, ஏ வகை என்று அச்சிட்டிருந்தால் அது குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது 2,200 கிலோவுக்கு மேல் தாங்கும்படி சோதித்த கயிறு. மலையேற்றச் சாமான், தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும், ஆன்லைனிலும் வரும். மதுரை மாசி வீதி, வெளி வீதிப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் விசாரித்தால் பெரும்பாலும் "ஆர்டர் போட்டுத் தருகிறோம்" என்பார்கள். வந்ததும் அச்சைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கயிற்றைச் சோதிக்கக் கண் போதாது, விரல் வேண்டும். மூன்று புரிக் கயிறு என்றால் இரண்டு கையாலும் முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் புரியை விலக்குங்கள். உள்ளே வெள்ளைப் பொடி உதிர்ந்தால் மணலும் தூசியும் நாரை அறுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பின்னல் கயிறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 100 அடியையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடவிடுங்கள். எங்காவது மெலிந்தோ, கட்டி தட்டியோ, ஒரு இடம் மட்டும் தொளதொளவென்று மடங்கியோ இருந்தால் அந்த இடத்தில் வெட்டிவிட வேண்டியதுதான். நான் ஒவ்வொரு வேலைக்கு முதல் நாள் சாயந்திரமும் இதைச் செய்கிறேன், கால் மணி நேரம் ஆகும்.

கப்பிக்கு வருவோம். கிணற்று உருளையை எடுத்துக்கொண்டு மரம் ஏறாதீர்கள். 15 லிட்டர் வாளிக்காகச் செய்தது அது. கயிறு கொஞ்சம் சாய்ந்து இழுபட்டால் சக்கரத்துக்கும் பக்கவாட்டு இரும்புக்கும் நடுவே இறங்கி மாட்டிக்கொள்ளும். அந்தரத்தில் கட்டை நிற்கும்போது மாட்டினால் யாராவது மேலே போய்த்தான் எடுக்க வேண்டும். பக்கத் தகடு நெருக்கமாக, திறந்து மூடுவதாக, எத்தனை டன் என்று பொறித்த கப்பியாகப் பாருங்கள். சக்கரம் பெரிதாக இருக்க இருக்கக் கயிற்றுக்கு நல்லது. கப்பியை மரத்தில் கட்டப் பட்டை ஸ்லிங் (சுமை தாங்கும் நாடா வளையம்) அல்லது தடித்த தனிக் கயிறு வேண்டும். இணைக்க டி ஷேக்கிள், அதாவது குறுக்கே ஊசி போட்டுப் பூட்டும் டி வடிவ இரும்பு வளையம் போதும். அதிலும் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும், பக்கவாட்டில் இழுபடக் கூடாது. கயிற்றை மாட்டும், வாய் திறந்து மூடும் வளையம் கேரபினர். சாவிக்கொத்தில் மாட்டுகிற அலுமினிய வளையத்தையும் கேரபினர் என்றுதான் விற்கிறார்கள். உண்மையானதில் 22, 25 என்று கிலோநியூட்டன் அளவு உடம்பிலேயே பொறித்திருக்கும், வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

கீழே கயிறு பிடிக்கிற வேலை பலத்தால் நடப்பதில்லை, சுற்றால் நடக்கிறது. கயிற்றைத் தூரில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், பட்டையின் உராய்விலேயே இழுப்பு சுமார் ஐந்தில் ஒன்றாகக் குறையும். இரண்டு சுற்று என்றால் இருபதில் ஒன்றுக்கும் கீழே. 100 கிலோக் கட்டையை ஒரு பையன் ஒரு கையால் 5 கிலோ பிடிப்பில் நிறுத்தலாம், விடலாம். பட்டை வழவழப்பா சொரசொரப்பா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். அதனால் முதலில் சின்னக் கொப்பை இறக்கிப் பார்த்து, எத்தனை சுற்று என்று முடிவு செய்வோம். சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. கயிற்றைக் கை மணிக்கட்டில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளக் கூடாது, கால் பக்கம் வளையமாகக் கிடக்கவும் கூடாது. தூரில் கட்டி வைத்து இதே வேலையைச் செய்யும் இரும்புக் குழாய்ப் பிரேக் ஒன்றும் உண்டு. தொடர்ந்து வேலை செய்வதாக இருந்தால் வாங்கலாம், மரப்பட்டையும் கயிறும் தப்பிக்கும். கையுறை தோலாக இருக்கட்டும்.

கிரேன் வேலைக்காரர்கள் இறக்கு என்பதற்கு "ஆரியா" என்பார்கள். நீங்கள் எந்த வார்த்தை வைத்தாலும் சரி, பிடி, விடு, நில் என்று மூன்றே வார்த்தை, வேலைக்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் ஒருவர் மட்டும்தான் சொல்ல வேண்டும். வேடிக்கை பார்க்கும் பெரியப்பாவும் சித்தப்பாவும் யோசனை சொல்லாமல் இருந்தால் பாதி ஆபத்து குறையும்.

உங்கள் கிளைக்கே வருகிறேன். ஓட்டுக்கு மேலே படுத்த மாதிரி நீண்டிருப்பதால் அடிப்பக்கம் மட்டும் கயிறு கட்டி அறுத்தால், நுனி தாழ்ந்து ஓட்டை வாரிக்கொண்டு போகும். நுனியில் மட்டும் கட்டினால், அடிப்பக்கம் தாழ்ந்து மரத்தில் இருப்பவரை நோக்கி ஊஞ்சல் மாதிரி வரும். அதனால் நுனிப் பக்கம் ஒன்று, அடிப் பக்கம் ஒன்று என்று இரண்டு கயிறு, இரண்டு ஆள் வேண்டும். இரண்டும் மேலே உயரமான தாய்மரத்திலிருந்து வர வேண்டும். கயிறுகளுக்கு நடுவே கோணம் அகல அகல இழுப்பு ஏறும். 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு கயிற்றிலும் முழுக் கனம் விழும், பங்கு பிரிவது போய்விடும். இதையெல்லாம் 30 அடி உயரத்தில் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கப் பழக்கம் வேண்டும். கூலி அதற்குத்தான் கேட்கிறார். கேட்டது நியாயமா என்று தெரிய, "கயிறு எத்தனை, கப்பி எங்கே, கீழே ஆள் எத்தனை" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வந்தால் கூலி கொடுக்கலாம். "ஒண்ணும் ஆகாது, அப்படியே சாய்ச்சிரலாம்" என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். தெரு அகலமாக இருந்து ஹைட்ரா கிரேன் கொல்லை வரைக்கும் வருமானால் மணிக் கணக்கில் வாடகைக்கு எடுப்பதும் நல்ல வழி.

வெட்டும் முறையில் ஒன்று மட்டும். எந்தக் கிளையானாலும் முதலில் அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும், அப்புறம் கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை பாதியில் தொங்கித் தாய்மரத்துப் பட்டையை ஒரு ஆள் நீளத்துக்கு உரித்துக்கொண்டு இறங்கும். கடைசியில் மிச்சக் கட்டையைக் கிளை புறப்படும் இடத்தில் உள்ள தடிப்பை விட்டு, அதற்கு வெளியே அறுங்கள். அந்தத் தடிப்பிலிருந்துதான் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். இறுக்கமாக நிற்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் அரிவாள் வீசவே கூடாது. இழுபட்ட கயிற்றில் கூர் லேசாகப் பட்டாலே போதும், அதுவாகப் பிரிந்துவிடும். மேலே கயிறு இருக்கும் இடத்தில் கை ரம்பம்தான்.

செயின் சா வாங்குங்கள், ஆனால் தரையில் நின்று அறுக்க. சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் வாக்கில் ஓடுகிறது. சங்கிலி சுற்றி ஓடும் பார் தகட்டின் நுனியில் மேல்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் திருப்பி அடிக்கும். தரையில் என்றால் ஓரமாக நின்று இரண்டு கையால் பிடித்திருப்போம், மரத்தில் ஒரு கை கிளையைத்தான் தேடும். மழுங்கிய சங்கிலிதான் அதிகம் ஆட்டம் போடும். நல்ல கூர் இருந்தால் சீவல் சீவலாக வரும், மழுங்கினால் மாவு மாதிரிப் பொடி வரும். பொடி கண்டதும் நிறுத்தி, அந்தச் சங்கிலிக்கு உரிய உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே அளவு இரண்டு மூன்று இழுப்பு இழுங்கள். பெட்ரோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில் அளவு மெஷினுக்கு மெஷின் மாறும். 50க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. அறுக்கும்போது கட்டை சங்கிலியைக் கவ்வாமல் இருக்க மர ஆப்போ பிளாஸ்டிக் ஆப்போ வையுங்கள், இரும்பு ஆப்பு சங்கிலியில் பட்டால் பல் தெறிக்கும். மதுரைத் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய தேர் சரியான நேரத்தில் சரியான கோணத்தில் வைத்த ஒரு கட்டைக்குக் கட்டுப்படுகிறது. ஆப்பை மதிக்க அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

சேஃப்டி பெல்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் மரத்தோடு சாய்ந்து நிற்க உதவும், விழுந்தால் காப்பாற்றாது. அடியை முதுகெலும்பு வாங்கிக்கொள்ளும். தொடை, இடுப்பு, தோள் எல்லாம் சேர்த்துக் கட்டும் முழு உடல் ஹார்னஸ் வாங்குங்கள், இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 3521 என்று அதில் இருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 2925, நாடி வாருடன். கீழே நிற்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும், மேலிருந்து விழுவது அவர் தலையில்தான். மேலே அறுப்பவர் இரண்டு இடத்தில் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், ரம்பம் ஒன்றை வெட்டினாலும் இன்னொன்று தாங்கும். ஹார்னஸில் மயங்கித் தொங்குகிறவரைச் சில நிமிடத்துக்குள் இறக்க வேண்டும். அதனால் மரத்தில் ஏறத் தெரிந்த இரண்டாவது ஆள் இல்லாமல் வேலை தொடங்காதீர்கள்.

கரண்ட் ஒயரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஓட்டு வீடு என்றால் போஸ்டிலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் அந்தக் கிளைக்குப் பக்கத்தில்தான் போகும். ஈபி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைன்மேன் வந்து நிறுத்திய பிறகு தொடங்குங்கள். பச்சைக் கிளையும் நனைந்த கயிறும் கரண்டைக் கடத்தும். அலுமினிய ஏணியும் அலுமினியத் தொரட்டியும் அந்தப் பக்கம் போகவே கூடாது. 11 கேவி உயரழுத்த லைன் என்றால் தொடவே தேவையில்லை, நெருங்கினாலே இழுத்துவிடும்.

மரத்தைச் சுற்றி முதல் நாளே ஒரு நடை நடந்து அண்ணாந்து பாருங்கள். கதண்டுக் கூடு, தேன்கூடு, காய்ந்து மாட்டிக்கொண்டிருக்கும் கொப்பு, பொந்து. தூரில் காளான் முளைத்திருந்தால் உள்ளே அழுகல் இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், பொக்கை தொம்மென்று சொல்லும். பொக்கை மரத்தில் கப்பி கட்டாதீர்கள்.

தென்னந்தோப்புக்கு இந்த ரிக்கிங் சாமான் அதிகம் தேவைப்படாது. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் செம்பேரி ஊர்க்காரர் ஜோசப் உருவாக்கிய, காலால் மிதித்து ஏறும் இரட்டைக் கருவி மாதிரி வாங்குங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய தென்னை மரங்களின் நண்பர்கள் பயிற்சியிலும் இந்த வகைக் கருவியில்தான் ஏறப் பழக்கினார்கள். அதோடு ஒரு ஹார்னஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்காகத் தென்னையில் படி வெட்டுவதையும், ஆணி முள் குத்தும் காலணியையும் விட்டுவிடுங்கள். காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், அப்புறம் மரமே போய்விடும். தோப்பு ஓரத்தில் பனை நின்றால் அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. பனை மட்டை கழிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கயிற்றை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். செயின் சா பெட்ரோலும் பேட்டரி ஆசிட்டும் இருக்கும் அறையில் போட வேண்டாம். வாங்கிய மாதத்தை ஒரு துணி நாடாவில் எழுதி நுனியில் கட்டிவிடுங்கள்.

அந்தக் கிளை புறப்படும் இடத்தில் சுற்றளவு எவ்வளவு, தரையிலிருந்து எத்தனை அடி, ஓட்டுக்கும் கிளைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, இந்த மூன்றையும் அளந்து எழுதுங்கள் தம்பி. எத்தனை துண்டாக எடுக்கலாம், எத்தனை மி.மீ. கயிறு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.